குதிரை முட்டையும் கொள்ளிக்கட்டையும்

பெங்களூரில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன் என்று கிளம்புகிறவர் முதல் வாரம் கையில் எடுப்பது ஆத்திசூடி. மூன்றாவது வாரம் அவர் கையில் மிஞ்சியிருப்பதும் ஆத்திசூடி மட்டும்தான், பிள்ளைகள் போய்விட்டிருப்பார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கும் மாமா ஒருவருக்கும் இதே கதிதான். ("அங்கிள்னு கூப்பிடாதீங்க, மாமான்னு சொல்லுங்க" என்று அவர் கேட்டுக்கொண்டதன் பலன், இப்போது அவர் "மாமா அங்கிள்".)

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. வீட்டில் பேச மட்டும் தமிழ். இந்த லட்சணத்தில் புத்திமதியை எழுத்துக்கூட்டிப் படி என்றால் எந்தப் பிள்ளை உட்காரும்? வேறு வழியில்லாமல் மாமா சரணடைந்தது வீரமாமுனிவரிடம்.

1680இல் இத்தாலியில் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியாகப் பிறந்த வீரமாமுனிவர் என்றதும் தேம்பாவணியும் சதுரகராதியும்தான் நினைவுக்கு வரும். அதே மனிதர் எழுதியதுதான் 'பரமார்த்த குருவின் கதை'. அசட்டு குரு ஒருவர், அவரைவிட அசடான ஐந்து சீடர்கள். வேலையற்ற நேரத்தில் எழுதிய வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். கப்பலில் வந்திறங்கும் பாதிரிமார்கள் பேச்சுத் தமிழ் படிப்பதற்கென்றே எழுதியது. லத்தீன் மொழிபெயர்ப்பையும் அவரே செய்துவைத்தார். வேதம் போதிக்க வந்தவர்களை முதலில் புளுகு படிக்க வைத்த அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ்காரர் இதை லண்டனில் அச்சிட்டார். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்கு வார்த்தை வார்த்தையாக இலக்கண விளக்கம் என்று முழுக்க முழுக்கப் பாடநூல் வடிவம். பாபிங்டன் பிறகு மருத்துவராகி, 1829இல் தொண்டைக்குள் பார்ப்பதற்குக் கண்ணாடி வைத்த ஒரு கருவியைச் செய்து காட்டினார். ழகரத்தோடு மல்லுக்கட்டிய வெள்ளைக்காரத் தொண்டைகளைக் கேட்டுக் கேட்டு, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று தோன்றியிருக்கலாம்.

சீடர்களின் பெயர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அல்சூர் வகுப்பில் எந்தச் சொல்லும் இவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் ஆனதில்லை. அடுத்த வாரமே ஓர் அப்பா புகாரோடு வந்தார். மகள் அவரைப் பேதை என்றாளாம். "சந்தோஷப்படுங்க சார். பேதைங்கிறது கொஞ்சம் பரிதாபப்பட்டுச் சொல்றது. மூடன்னு சொல்லியிருந்தாத்தான் வருத்தம்" என்றார் மாமா. ஏறத்தாழ ஒரே பொருளுள்ள சொற்களுக்குள் எது கூடுதலாகக் குத்தும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது. அகராதி வைத்துச் சொல்லிக் கொடுத்தால் இது வராது. (மிலேச்சன் என்பது அந்நியனைத் திட்டும் சொல். அதை ஓர் அசட்டுச் சீடனுக்குச் சூட்டியவரே அந்நியர்தான்.)

முதல் கதையில்தான் சிக்கல் வந்தது. ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். புஸ்ஸென்று புகை கிளம்புகிறது. ஆறு கோபமாக விழித்திருக்கிறது என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறான். பிறகு அதே கட்டையோடு போய் வைக்கிறார்கள், சத்தமே இல்லை. ஆறு தூங்கிவிட்டதாம், கடக்கலாமாம். மாமா படித்து முடித்துவிட்டு வகுப்பைப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. "கொள்ளிக்கட்டைன்னா என்ன மாமா அங்கிள்?"

இண்டக்‌ஷன் அடுப்பு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கொள்ளிக்கட்டை எங்கே தெரியும்? மாமி சமையலறையில் தோசைக்கல்லைக் காயவைத்துக் கூப்பிட்டார். தண்ணீர் தெளித்தால் சுர்ர். கல்லை ஆறவிட்டு மறுபடி தெளித்தால் ஒன்றுமில்லை. ஒரு பையன் திடீரென்று கத்தினான்: "அய்யோ, ரெண்டாவது தடவை கட்டை ஆல்ரெடி அணைஞ்சு போச்சு!" அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கட்டை அணைந்துவிட்டது என்பதை மாமா எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. படிக்கிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாசித்துப் புரிந்துகொள்வது என்று கல்வியாளர்கள் பெரிய பெரிய கட்டுரைகளில் சொல்வது இதைத்தான். "பின்வரும் பத்தியைப் படித்து விடையளி" என்ற கேள்விக்குப் பிள்ளை ஊகித்தும் எழுதலாம், பக்கத்துப் பையனைப் பார்த்தும் எழுதலாம். பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரித்தால் ஒரு நொடி பிந்தும், மாமா கண்டுபிடித்துவிடுவார்.

குதிரை முட்டைக் கதைக்கு இந்தப் பாடே இல்லை. குதிரை வாங்கப் போனவர்களிடம் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று ஒருவன் விற்றுவிடுகிறான். வழியில் அது புதரில் விழுந்து உடைய, அங்கே பதுங்கியிருந்த முயல் துள்ளி ஓட, குஞ்சு பொரித்துவிட்டது என்று துரத்துகிறார்கள். கன்னடத்தில் குதுரெ, மொட்டெ என்று பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பாதிக் கதை ஏற்கெனவே தெரிந்த சொற்களில்தான் இருந்தது.

அப்பாக்களுக்குப் பிடித்தது வேறு கதை. குருவின் குதிரையிலிருந்து எது விழுந்தால் எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் குருவே விழுகிறார். பட்டியலில் குரு இல்லை, ஆகவே எடுக்கவில்லை. "எங்க ஆபீஸும் இதேதான் சார், ரிக்வயர்மென்ட்ல இல்லேன்னா கையே வைக்க மாட்டாங்க" என்றார் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒருவர். அவர் குரலில் இருந்தது சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

இந்த ஊரிலேயும் புளுகுக்குப் பஞ்சமில்லை. வழி தவறி வந்த ஹொய்சள மன்னர் வீர வல்லாளருக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்தாளாம், அதனால் இது 'பெந்தகாளூரு' ஆயிற்றாம். ஆனால் அவர் ஆளத் தொடங்கியதே 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் கிடைத்த, சுமார் 890ஆம் ஆண்டைச் சேர்ந்த நடுகல்லிலேயே பெங்களூர் என்ற பெயர் இருக்கிறது. "அப்படின்னா பயறு வேக முன்னூறு வருஷம் ஆச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதைவிட நல்ல விடை யாரும் எழுதவில்லை.

புளுகைப் படிப்பதோடு விடாமல், சொந்தமாக ஒன்று எழுதச் சொன்னார் மாமா. ஒருவன் எழுதினான்: சில்க் போர்டு சிக்னலில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு மாட்டிய ஸ்கூல் பஸ், வெளியே வந்தபோது எல்லாருக்கும் மீசை. பெரியவர்கள் ஒருவரும் அதைப் புளுகு என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பழங்கதை வேண்டாம் என்கிறவர்களுக்கு, 2004இல் இதே ஊரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ரோகிணி நிலேகணி எழுதிய கதையில் சிருங்கேரி ஸ்ரீனிவாஸ் முடிவெட்டிக்கொள்ள அலைகிறார். முடிதிருத்துபவர், தையற்காரர், தச்சர் என்று ஆளாளுக்குக் கைவிரிக்க, கடைசியில் புலிக்கு முன்னால் போய் நிற்கிறார். ஒரே வாக்கியம் ஆள் மாறி ஆள் திரும்ப வருவதால், எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு மூன்றாவது பக்கத்தில் மூச்சு வாங்காது. 2015 செப்டம்பர் 8ஆம் தேதி, உலக எழுத்தறிவு நாளில், இவர்கள் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலை 250 சொற்களுக்குள் முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. மிகச் சிறிய பிள்ளைகளிடம் புளுகு எடுபடாது, அவர்கள் நம்பிவிடுவார்கள். மாமாவின் வகுப்பில் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்த நான்கு வயதுக்காரன், குதிரை முட்டை போடும் என்று மழலையர் பள்ளியில் போய் அடித்துச் சொல்லியிருக்கிறான்.

குதிரை என்ன போடும், என்ன போடாது என்று தெரிந்த வயது வந்ததும் தொடங்குங்கள். பாபிங்டன் பதிப்பும் ஸ்டோரிவீவர் கதைகளும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. பூசணிக்காய்க்கு மட்டும் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். பேரம் பேசி வாங்குங்கள்.