சொந்தச் செலவில் சூனியம்: ஏழு எளிய பயிற்சிகள்

அந்தக் காலத்துத் திருடனுக்குத்தான் எத்தனை பாடு! அமாவாசை பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் எண்ணெய் பூச வேண்டும். கன்னக்கோலால் சுவரைத் துளைக்கும்போது நாய் குரைத்துவிட்டால் அத்தனையும் பாழ். இன்றைய திருடனோ எங்கேயோ ஓர் அறையில், ஃபேனுக்குக் கீழே, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குச் சுவரேறத் தெரியாது. கதவை நாம்தான் திறந்துவிட வேண்டும். எப்படித் திறப்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இந்தக் கையேடு.

முதல் பயிற்சி: ஒரே சாவி

கடவுச்சொல்லுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 123456 இருக்கவே இருக்கிறது. திருட்டுப்போன கடவுச்சொற்களின் பட்டியலில் ஆண்டு தவறாமல் முன்வரிசையில் நிற்பது அதுதான். கொஞ்சம் நூதனம் வேண்டுமென்றால் பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்க்கலாம். பிறந்தநாள் கேக் படத்தை ஃபேஸ்புக்கில் போட மறக்கக் கூடாது. மெயிலுக்கும் வங்கிக்கும், என்றோ ஒருநாள் புடவை வாங்கிய இணையக் கடைக்கும் அதே சாவி. புடவைக் கடையில் ஓட்டை விழுந்தால் போதும். கிடைத்த சாவியை வங்கிப் பூட்டிலும் போட்டுப் பார்த்துவிடுவான். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை வைத்தால் சாவி திரும்பாது. பாவம், வைக்காதீர்கள்.

இரண்டாம் பயிற்சி: ‘பிறகு’

கம்ப்யூட்டர் அப்டேட் கேட்கும். ‘பிறகு’ என்று அழுத்துங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் ‘பிறகு’ என்றவர்கள். முக்கியமான கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வைத்திருப்பவரிடம் இந்த மிரட்டல் செல்லாது. எனவே பீரோவில் புடவை மட்டும் இருக்கட்டும்.

மூன்றாம் பயிற்சி: ஓசி மென்பொருள்

காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை ‘கிராக்’ செய்து சும்மா தரும் புண்ணியவான்கள் உண்டு. கூடவே ஒரு குறிப்பு இருக்கும்: “நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்.” அதாவது வருகிற விருந்தாளி, “நாயைக் கட்டுங்கள், வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்புங்கள்” என்கிறார். நாம் மரியாதை தெரிந்தவர்கள். அனுப்பிவிடுவோம்.

நான்காம் பயிற்சி: கல்யாணப் பத்திரிகை

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் பத்திரிகை வருகிறது. யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்காவிட்டால் சோறு இறங்காது. கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடியும். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஏ.பி.கே. என்பது போனில் ஏறி உட்காரும் செயலி. போன் எச்சரிக்கும், தள்ளுங்கள். பிறகு அந்தப் பத்திரிகை, “உங்கள் எஸ்.எம்.எஸ். எல்லாம் படிக்கலாமா?” என்று அனுமதி கேட்கும். எந்த ஊர்ப் பத்திரிகை இப்படிக் கேட்டிருக்கிறது என்று யோசிக்காமல் சம்மதியுங்கள். இனி உங்கள் ஓ.டி.பி. அவனுக்கும் போகும். மொய் எழுதியாயிற்று.

ஐந்தாம் பயிற்சி: ஜெராக்ஸ் கடை

போன மாதம் ஒரு விண்ணப்பம் பிரிண்ட் எடுக்கப் போனேன். கடைத் தம்பி ‘டவுன்லோட்ஸ்’ திறந்து என் கோப்பைத் தேடினார். மேலிருந்து கீழாக ஆதார், பான், ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம். எங்கள் தெருவே அதற்குள் குடியிருந்தது. எனக்கு முன்னால் வந்தவர் தன் வாட்ஸ்அப்பை அந்தக் கம்ப்யூட்டரில் திறந்து, பிரிண்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டு அத்தை ஒருவரின் காலை வணக்கம், ரோஜாப்பூவோடு எங்கள் முன்னால் வந்து விழுந்தது.

“அண்ணே, இத லாக் அவுட் பண்ணிரவா?” என்று தம்பி என்னைக் கேட்டார்.

நல்ல பிள்ளை. எல்லாக் கடையிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் என்று நம்பி நீங்களும் விட்டுவிட்டு வாருங்கள். கோப்பை அழிக்கச் சொல்வதும், முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரைக் கொடுப்பதும் சந்தேகப் பிராணிகளின் வேலை.

ஆறாம் பயிற்சி: ஈ.பி. பில்

“போன மாத பில் கட்டவில்லை. இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும்.” பத்து இலக்க செல்போன் எண்ணிலிருந்து வரும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரீடிங் எடுப்பதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். மாத பில் எங்கிருந்து முளைத்தது என்று கேட்காதீர்கள். போன் போடுங்கள். ஒரு செயலியை இறக்கச் சொல்வார். உங்கள் திரை முழுக்க அவருக்குத் தெரியும். “பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க சார்” என்பார். நீங்கள் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அங்கே போகும். இதே வகுப்பில் இன்னொரு பாடம்: “உங்களுக்குப் பணம் அனுப்பறேன், யு.பி.ஐ. பின் போடுங்க.” பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. இருந்தாலும் போடுங்கள்; கேட்டவர் மனம் கோணக் கூடாது.

ஏழாம் பயிற்சி: வீட்டுச் சிறை

வீடியோ காலில் காக்கிச் சட்டை. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருளாம். நீங்கள் ‘டிஜிட்டல் கைது’. கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பணத்தை ‘சரிபார்க்க’ ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டும். இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டாம். பக்கத்து அறையில் இருக்கும் மனைவியிடமும் சொல்ல வேண்டாம். முப்பது வருடப் பழக்கம்தானே, கஷ்டமாக இருக்காது.

ஏழு பயிற்சிகளையும் முடித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். போனில் வந்து மிரட்டுகிற எல்லோரும் கேட்பது ஒரே விஷயம்: அவசரம். இன்று இரவு, இப்போதே, லைனை வைக்காமல். பத்து நிமிடம் கொடுங்கள் என்று சொல்லி, போனை வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பாதி சொல்லும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்புறம் இந்தக் கையேடு எதற்கும் உதவாது.

பயிற்சியில் ஏற்கெனவே தேறிவிட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை, கேலி இல்லாமல். போன பணம் ஓர் இடத்தில் நிற்காது. சில நிமிடங்களில் கணக்கு விட்டுக் கணக்கு தாவும். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். சைபர் குற்றப் புகார் எண் 1930. கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். முதலில் அதற்குப் போன் போடுங்கள். வெட்கத்தைப் பிறகு பட்டுக்கொள்ளலாம்.