நாலாய் மடித்த கயிறு

இப்போது கதவு வாங்கப் போகிறவர்களைக் குளிர்ந்த அறையில் சோபாவில் உட்காரவைத்து, உள்ளங்கை அகலப் பலகைத் துண்டுகளைக் கல்யாண ஆல்பம் போலப் புரட்டிக் காட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் கதவுக்கு மரம் விற்ற இடத்துக்குக் கதவே கிடையாது; ஒரு தென்னந்தட்டிப் படல்தான். அதை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனால் கட்டைகள் குன்று குன்றாய்க் கிடக்கும். அதுதான் மரவாடி.

எண்பதுகளின் தொடக்கத்தில், பட்டம் வாங்கிவிட்டு அரசு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த நாட்களில், மதுரையில் என் தாய்மாமாவின் மரவாடியில் கணக்கெழுத உட்கார்ந்தேன். மழை விட்டு வெயில் ஏறும்போது அறுத்த தேக்கிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாசம் கிளம்புமே, அது சட்டையில் ஏறி, கணக்கு நோட்டில் ஏறி, தூக்குச்சட்டியைத் திறந்தால் தயிர்சாதத்திலும் இருக்கும். சாயங்காலம் ஒரு சாக்கு மரத்தூள் என்னோடு சைக்கிளில் வீட்டுக்கு வரும். தூள் அடுப்பின் நடுவில் உருளைக் கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டித்து, கட்டையை அலுங்காமல் உருவுவதில் அம்மா கைதேர்ந்தவள். யார் யார் வீட்டுக்கோ வாசக்காலாகப் போன மரத்தின் மிச்சத்தில் எங்கள் வீட்டு ரசம் கொதித்தது. கேஸ் வந்த பிறகு அம்மாவுக்கு இருமல் நின்றது. ரசமும் முன்போல் இல்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

என் பெருமையெல்லாம் கயிற்றில் இருந்தது. கட்டையின் நடுவில் கயிற்றைச் சுற்றி, அந்தச் சுற்றளவை நாலாய் மடித்து, வந்த அளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி வந்துவிடும். இதை வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டு, காதில் செருகிய பென்சிலைத் தொடாமலே வாடிக்கையாளரை ஏறிட்டுப் பார்ப்பேன், ராமானுஜனுக்கு அடுத்த ஆள் நான்தான் என்பதுபோல. இந்தக் கணக்கை 1736-லேயே எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேய அளவையாளர் அட்டவணை போட்டு அச்சிட்டுவிட்டார் என்பதும், இதில் உருண்டை மரத்தின் உண்மையான அளவில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு கணக்கிலேயே வராது என்பதும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. ‘அது அறுப்புக் கழிவுக்கு’ என்பார் மாமா. அந்தக் கழிவில்தான் எங்கள் ரசம்.

அப்புறம் பர்மா. வருகிறவர் எவராயிருந்தாலும் முதல் கேள்வி, “பர்மாதானே தம்பி?” என்பதுதான். “பின்னே? ஐராவதித் தண்ணி குடிச்ச மரம்ணே!” என்பேன் நான், வறண்ட வைகையைத் தவிர வேறு ஆறு பார்த்தறியாதவன். “தம்பி உக்காந்த இடத்துலேருந்தே ரங்கூனுக்குக் கப்பல் விட்ருவாரு” என்று இழைப்புளியை நிறுத்தாமலே சொல்வார் பெரியாசாரி. பர்மா என்று விற்றதில் எவ்வளவு பர்மா, எவ்வளவு ஆனைமலை, எவ்வளவு கேரளம் என்பது மரத்துக்கும் மாமாவுக்கும் மட்டுமே வெளிச்சம்.

அந்த மரத்தின் கதை தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக அளந்திருப்பேன். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் நிற்கிற மரத்தின் அடியில் பட்டையைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, அது நின்றபடியே காய இரண்டு மூன்று வருஷம் விட்டுவைப்பார்கள். பிறகு சாய்த்து, யானை இழுத்து ஓடையில் போட்டு, வெள்ளம் வரக் காத்திருந்து, பெரிய ஆற்றில் தெப்பமாய்க் கட்டி ரங்கூனுக்கு விடுவார்கள். இவ்வளவு பொறுமையான வியாபாரத்துக்காக ஒரு ராஜாங்கமே அவசரமாய்ப் போனது: கணக்கில் காட்டாமல் மரம் எடுத்ததாகப் பாம்பே பர்மா கம்பெனிக்கு மாண்டலே அரசவை சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட, அதைச் சாக்காக்கி 1885 நவம்பரில் ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். இரண்டு வாரத்தில் தீபா மன்னர் கைதாகி, ரத்னகிரிக்கு அனுப்பப்பட்டார். பர்மாவில் நமது நகரத்தார் வட்டிக்கடை வைத்ததும், அந்தத் தேக்கு செட்டிநாட்டு வீடுகளில் தூண் தூணாய் எழுந்ததும், 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எத்தனையோ பேர் கால்நடையாய் ஊர் திரும்பியதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆட்கள் நடந்து வந்தார்கள். தூண்கள் முன்கூட்டியே சௌக்கியமாய் வந்து நின்றுகொண்டிருந்தன.

பிறகு காலம் மாறியது. தொண்ணூறுகளில் தேக்கங்கன்றுக்குப் பணம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சாதிபதி என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாய் விளம்பரம். எங்கள் தெருவில் பாதிப் பேர் காகிதத்தில் காடு வளர்த்தார்கள், காகிதம் மட்டும் மிஞ்சியது. கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றம் போக, 1996 டிசம்பரில் நாடு முழுக்கக் காடுகளில் கோடரிக்குக் கடிவாளம் விழுந்தது. அதே நிலம்பூரில்தான் 1840-களில் மலபார் கலெக்டர் கானலியும் சாத்து மேனோனும் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினார்கள், வெட்டுவதற்காக. 2014 ஏப்ரலில் மியான்மரும் உருண்டைக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது நமக்குத் தேக்கு ஈக்வடாரிலிருந்தும் கானாவிலிருந்தும் வருகிறது. ஈக்வடாரில் என்ன ஆறு ஓடுகிறதென்று நான் தேடிப் பார்க்கவில்லை. இனி யாரும் கேட்கப்போவதுமில்லை.

மகன் வீட்டுக் கதவில் தேக்கு இருக்கிறது, படமாக. மேலே ஒட்டிய தாளில் அச்சிட்ட அந்த ரேகை முழங்கை நீளத்துக்கொரு தரம் அச்சுப் பிசகாமல் திரும்ப வருகிறது. குறை சொல்லவில்லை. ஐப்பசியில் உப்பிக்கொண்டு, தோளால் இடித்தால்தான் திறந்த எங்கள் பழைய கதவுபோல் அது அடம்பிடிப்பதில்லை, கரையானும் அண்டாது, பத்து வருஷம் உத்தரவாதமாம். 1817-ல் பம்பாயில் மலபார் தேக்கால் கட்டிய, திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதக்கிறது என்றேன். “அந்தக் கப்பலை வைத்து இந்த வீட்டுக்கு எத்தனை கதவு போடலாம்ப்பா?” என்றான். மரவாடிக்காரனின் மருமகன் பெற்ற பிள்ளைதான், சந்தேகமில்லை.

போன மாதம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தேன். இடித்த வீடுகளின் கதவுகளும் தூண்களும் கடை வாசலில் சாய்ந்து நிற்கின்றன, யாராவது ஓட்டல்காரரோ வெளிநாட்டுக்காரரோ வருவார் என்று. கயிறில்லாமல் கண்ணாலேயே அளந்தேன். கணக்கு இன்னும் மறக்கவில்லை. விலையைக் கேட்டேன். அன்றைக்கு அந்த விலைக்கு மாமாவின் மரவாடியையே படலோடு வாங்கியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் பழைய கதவு இருந்தால், அதை எடுத்துக்கொண்டு புதுக் கதவு மாட்டித் தருகிறேன் என்று யாராவது கட்டாயம் வருவார்கள். காபி கொடுங்கள், கதவைக் கொடுக்காதீர்கள். ஓர் ஓரத்தில் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டி முகர்ந்து பாருங்கள், மிச்சத்தை அதுவே சொல்லும்.