45 பைசாவும் சேது யாத்திரையும்: குடும்பக் காப்பீட்டு முடிவு குறித்த ஓர் ஆய்வு

ராமேஸ்வரத்துக்கு ஐஆர்சிடிசியில் டிக்கெட் எடுக்கும் குடும்பம் கீழ் பெர்த், மேல் பெர்த், பாட்டியின் ஆதார் வயது ஆகிய எல்லாவற்றையும் கடந்து, பணம் கட்டும் முன் ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறது. பயணக் காப்பீடு வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு 45 பைசா. நம் பல்கலைக்கழகங்களில் சங்க இலக்கியத்து உப்பிலிருந்து சினிமாப் பாட்டின் நிலா வரை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியாயிற்று. வீட்டுக்கு வீடு ரகளை நடக்கும் இந்த ஒரு கட்டத்தை மட்டும் அறிஞர்கள் தீண்டவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லை: இந்தியாவுக்குள், ரயிலில், குடும்பத்தோடு, ராமநாதபுரம் கடற்கரைக்கு. வெளிநாட்டுச் சுற்றுலா விலக்கப்பட்டது. பாரிஸ் போக விரும்புகிறவர் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்டியே தீரவேண்டும். கட்டாயம் வந்துவிட்டால் விவாதம் இல்லை; விவாதம் இல்லாத வீட்டில் ஆய்வாளனுக்குக் காப்பி கூடக் கிடைக்காது.

முதலில் திட்டத்தின் வரலாறு. 2016 செப்டம்பரில் ஆளுக்கு 92 பைசா என்று தொடங்கியது. பிறகு சில காலம் இலவசமாகவே கொடுத்தார்கள். 2018 செப்டம்பரில் மறுபடியும் காசு. இடையில் 35 பைசாவுக்கு இறங்கி, இப்போது 45-இல் நிற்கிறது. இலவசமாக இருந்த மாதங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. காசு என்று வந்ததும்தான் கொள்கை பிறந்தது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. ஆகவே 45 பைசாவை யாராலும் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. திரையில் மட்டுமே வாழும் ஒரு தொகைக்காகத்தான் ரத்தமும் சதையுமான மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கிறார்கள்.

இந்தக் காசுக்குக் கிடைப்பது: உயிர் போனாலோ முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம், பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை, மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை, உடலை ஊர் கொண்டுசேர்க்க 10,000 ரூபாய். ரயில் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ரயில்வே சட்டப்படி வரவேண்டிய 8 லட்சம் தனிக்கணக்கு. காப்பீடு எடுக்காதவருக்கும் அது உண்டு. 10 லட்சத்தை 45 பைசாவால் வகுத்தால் ஏறத்தாழ 22 லட்சத்து 22 ஆயிரம். அதாவது, அந்த ஒரு பயணத்தில் உயிருக்கு ஆபத்து நேரும் வாய்ப்பு 22 லட்சத்தில் ஒன்றைவிட அதிகம் என்று நம்புகிறவர் காப்பீடு எடுக்க வேண்டும். குறைவு என்று நம்புகிறவர் எடுக்கக் கூடாது. ராமநாதசுவாமி கோவிலுக்குள் இருக்கும் தீர்த்தங்களும் 22 என்பது தற்செயல்தானா என்று அறிஞர் உலகம் யோசிக்கட்டும்.

கணக்குப் போட்டு யாரும் முடிவெடுப்பதில்லை என்பது வேறு விஷயம். சிக்கலின் வேர், விலை இவ்வளவு குறைவாக இருப்பதுதான். 500 ரூபாய் என்றால் ‘எதுக்குங்க தண்டச் செலவு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், மானம் மிஞ்சும். 45 பைசாவை வேண்டாம் என்று சொல்லப் பணத்தைக் காரணம் காட்ட முடியாது. உண்மைக் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அதுவோ, கிளம்பும் நேரத்தில் வாயால் சொல்லக் கூடாத காரணம். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

இனி முன்னோர் மரபு. கப்பல் காப்பீடு லண்டன் காப்பிக் கடையில் வளர்ந்தது என்று மேல்நாட்டார் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது அவர்கள் ஒருமுறையாவது கீழே பார்த்திருக்க வேண்டும். சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். திங்களும் சனியும் கிழக்கே போகக் கூடாது. போனால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போ. செவ்வாய், புதன் வடக்கு, பால். வியாழன் தெற்கு, தைலம். வெள்ளி, ஞாயிறு மேற்கு, வெல்லம். நாள், திசை, ஆபத்து, பிரீமியம் நான்கும் ஒரே வரியில் இருக்கும் இப்படியொரு கட்டண அட்டவணையை எந்தக் கம்பெனியும் இதுவரை அச்சடித்ததில்லை. நிபந்தனைகள் பொடி எழுத்தில் பின்பக்கம் ஒளிந்திருப்பதும் இல்லை.

ராமேஸ்வரம் இரவு வண்டிகளில் இந்த அட்டவணை கடும் சோதனைக்கு உள்ளாகிறது. எழும்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை தெற்கே புறப்படுகிறோம்; வெள்ளிக்கு மேற்கேதான் சூலம், பாதகமில்லை. ஆனால் பின்னிரவில் மானாமதுரையைத் தாண்டி வண்டி பரமக்குடி, ராமநாதபுரம் என்று கிழக்கே திரும்பும்போது கிழமை சனி. கிழக்கே சூலம்! இதில் இரண்டு கட்சிகள் உண்டு. சூரியன் உதிக்கும் வரை நாள் மாறாது, இன்னும் வெள்ளிதான் என்பது பஞ்சாங்கக் கட்சி. ராத்திரி 12 அடித்தால் சனி என்பது ரயில்வே கட்சி. இரண்டு கட்சிக்கும் பொதுவாகத்தான் தமிழ்க் குடும்பம் எவர்சில்வர் தூக்கில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு ரயிலேறுகிறது என்பது என் துணிபு. மாவடு அதில் கூடுதல் பாதுகாப்பு.

சேது யாத்ரீகர்களைக் காப்பது ராமநாதபுரச் சீமையில் அரசுக் கடமையாகவே இருந்தது. சீமையை ஆண்டவர்களுக்குச் சேதுபதி என்ற பட்டமே அதற்குத்தான். யாத்திரைப் பாதையில் அவர்கள் சத்திரங்கள் கட்டி, சோறும் படுக்க இடமும் கொடுத்து, கள்ளர் பயம் இல்லாமல் கடற்கரை வரை கொண்டுசேர்த்தார்கள். பாலிசி எண் கேட்கவில்லை, சர்க்கரை வியாதி முன்பே உண்டா என்றும் கேட்கவில்லை. இன்றைக்கு விற்கும் விரிவான உள்நாட்டுப் பயணக் காப்பீடுகளில் பலவும் இந்தக் கேள்வியில்தான் படுத்துவிடுகின்றன. ஏற்கெனவே உள்ள நோய்க்கு இழப்பீடு இல்லை என்றால், ராமேஸ்வரம் போகும் வயதில் யாருக்கு எது ஏற்கெனவே இல்லை?

இன்னொரு வகை, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசு முடிந்து சாமி படத்தின் பின்னால் வைப்பது. இதில் பிரீமியம் முழுவதும் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகே செலுத்தப்படுகிறது. கம்பெனிகள் இதைக் கேள்விப்பட்டால் பயந்துவிடும்.

இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதுகிறவன் ஓரிடத்தில் சிரிப்பை நிறுத்தத்தான் வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் புயல் அலை மூடியது. வண்டியிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே போயிற்று. அதுவரை சென்னையிலிருந்து ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு வரை போய்வந்த பாதையும் அன்றோடு அறுந்தது. போட் மெயில் என்ற பெயர் மட்டும் இன்னும் ஓடுகிறது. உடைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்தினார். அந்த 1914-ஆம் ஆண்டுப் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விட்டதில்லை. அப்படி நிறுத்திவைத்த ரயில்தான் இந்தக் கடற்கரை கண்ட மெய்யான பயணக் காப்பீடு. அதற்கு யாரும் ஒரு பைசா கட்டியதில்லை; வண்டி நகரவில்லையே என்று திட்ட மட்டும் திட்டினோம்.

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரல் 6-இல் புதிய தூக்குப் பாலம் திறக்கும் வரை, ரயில்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்றுவிட்டன. மிச்சத் தூரம் பஸ்ஸில். டிக்கெட் எந்த ஸ்டேஷனோடு முடிகிறதோ காப்பீடும் அதோடு முடிகிறது. கடலைத் தாண்டும் சாலைப் பாலத்தின் அந்த இரண்டு கிலோமீட்டரில், நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுத்தவர்கள் எல்லாம் எவ்விதப் பாலிசியும் இல்லாமல்தான் எடுத்தார்கள். இப்போதும் எடுக்கிறார்கள்.

இங்கே நாம் ஆய்வின் மையப் பகுதிக்கு வருகிறோம். 45 பைசா காப்பீடு ரயிலேறுவதில் தொடங்கி ரயிலிறங்குவதில் முடிகிறது. ராமேஸ்வரத்தில் ஆபத்து தொடங்குவதே இறங்கிய பிறகுதான். அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, அதே ஈரத்தோடு கோவிலுக்குள் ஓட்டம். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியைக் கயிற்றில் இறக்கி, ஒரு சுண்டு சுண்டி மேலே இழுத்து, வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் தலையில் கவிழ்ப்பார். கண்ணாடியைக் கழற்ற மறந்தவர் கதி அவ்வளவுதான். அடுத்த கிணறு எங்கே என்று தெரியாமல் முன்னால் போகும் ஈரச் சேலையைப் பின்தொடர்ந்து, பல தலைமுறைக் கால்கள் தேய்த்து வழுவழுப்பாக்கிய கருங்கல் தரையில் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஓடுகிறார். 22 தீர்த்தம். இதற்கு எந்தக் கம்பெனி என்ன விலை சொல்லும்? கிழக்குக் கோபுர வாசலில் விட்ட செருப்பு, பிழியாமல் பையில் திணித்த வேட்டி நனைத்துவிட்ட திரும்பும் பயண டிக்கெட், தனுஷ்கோடி மணலில் சிக்கிய வாடகைக் கார், இவையெல்லாம் பட்டியலிலேயே இல்லை.

கள ஆய்வுக்குத் தாம்பரத்தில் குடியிருக்கும் பரமக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. உறுப்பினர்கள்: கணவர், மனைவி, கணவரின் அம்மா (குழந்தைகளுக்கு அப்பத்தா), ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். கணவர் ‘வேணும்’ என்பதில் விரலை வைத்தபோது அப்பத்தா கேட்டார்: “கெளம்பும்போதே வாயில நல்ல வார்த்தை வராதாடா? சாவுக்கு எவ்வளவு, கால் போனா எவ்வளவுன்னு ரேட்டு போட்டுப் படிச்சுக்கிட்டிருக்க.”

“அம்மா, 45 பைசாம்மா.”

“அதான் சொல்றேன். அவ்வளவுதானா என் உசுரு?”

அப்பத்தாவை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்கு எடுக்கலாம் என்றார் மனைவி. முடியாது. ஒரே பிஎன்ஆரில் இருக்கும் அனைவருக்கும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். கூட்டுக் குடும்ப முறை எஞ்சியிருக்கும் சில இடங்களில் இதுவும் ஒன்று. அதே நேரத்தில் ஐந்து வயதுக்குக் கீழே, பெர்த் இல்லாமல் மடியில் வரும் நான்கு வயதுக்காரனுக்குக் காப்பீடு கிடையாது. இது தெரிந்ததும் அப்பத்தா “பேரனுக்கு இல்லாதது எனக்கெதுக்கு?” என்று தன் தரப்பை மேலும் வலுப்படுத்திக்கொண்டார். விவாதம் நீண்டதில் கீழ் பெர்த்துகள் கரைந்தன. பயந்துபோன கணவர் யாரையும் கேட்காமல் அமுக்கிவிட்டார். நான்கு பேருக்கு ஒரு ரூபாய் 80 பைசா. பயணத்தை ரத்து செய்தாலும் அது திரும்பாது.

பிறகு போனில் செய்தி வந்தது: நாமினி விவரத்தைப் பதிவு செய்யவும். கணவர் மனைவி பெயரைப் போட்டார், மனைவி கணவர் பெயரைப் போட்டார். ஒன்பது வயதுப் பெண் இரண்டு பேரையும் பார்த்து, “எல்லாரும் ஒரே பெட்டியிலதானப்பா போறோம்?” என்றாள். இக்களத்தில் இதுவரை எழுப்பப்பட்ட கேள்விகளில் தலைசிறந்தது இதுவே. காலியாக விட்டாலும் சட்டப்படியான வாரிசுக்குப் போய்ச்சேரும்தான். ஆனால் வாரிசுகளும் அடுத்தடுத்த பெர்த்துகளில்தான் படுத்திருக்கிறார்கள். ஆக, நாமினி என்பவர் பயணத்துக்கு வராதவராக இருக்க வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் வராதவர் மனைவியின் தம்பி ஒருவர்தான். நான்கு பாலிசிக்கும் அவர் பெயரே போடப்பட்டது.

விஷயம் தெரிந்து அவர் போன் செய்தார். “மாமா, நாலு பேருக்கும் நான்தானா? அப்ப மொத்தம் நாப்பது லட்சமா?” குரலில் இருந்தது பாசம்தான் என்று மனைவி இன்றும் வாதிடுகிறார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா வெற்றிலையை மென்று முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: “அவனையும் கூட்டிட்டுப் போயிரு. பாவம், புள்ள தீர்த்தமாடி எத்தனை வருசமாச்சு.”

அன்றிரவே அவருக்கும் அதே வண்டியில் டிக்கெட் எடுக்கப்பட்டது. வெயிட்டிங் லிஸ்ட் 14. அவருக்குக் காப்பீடு வேண்டுமா என்ற பேச்சு எழவில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு அது கிடையாது. நாமினி இடம் மீண்டும் காலியாக இருக்கிறது.