இடுப்பளவுக் கடல்

உடப்பில் பிறந்தவனுக்குக் கடல் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. அந்த நம்பிக்கையின் தயவில்தான் நான் இத்தனை காலமும் ஓட்டியிருக்கிறேன். கொழும்பில் கந்தோர்க்காரர்கள் மீன் வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், கண்ணை அழுத்திப் பார்ப்பேன், பிறகு "எடுக்கலாம்" என்பேன். மறுநாள் அவர்கள் வயிற்றுக் கோளாறில் லீவு போட்டாலும் பழி மீன்காரன் தலையில்தான் விழும். ஊர்ப்பெயர் என்னைக் காப்பாற்றிவிடும்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் டச்சுக் கால்வாயும் முந்தல் களப்பும். தொழில் கரைவலை. தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும். இரண்டு கயிற்று முனையும் கரையில் இருக்கும். ஆட்கள் இரண்டு பிரிவாக நின்று அம்பா பாடிக்கொண்டு இழுப்பார்கள். பள்ளி விடுமுறையில் நானும் கயிற்றின் வால்பக்கம் நின்றவன்தான். அம்பாவுக்கு வாயை அகலத் திறந்த அளவுக்குக் கையை இறுக்கவில்லை. வலை இழுப்பை நடத்தும் மண்டாடி, தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தே மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்வார். நான் அதே இடத்தை அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, நீலம் இருக்கிறது என்று உறுதிப்படுத்திக்கொள்வேன். வலை கரையேறும்போது இடுப்பளவு தண்ணீரில் இறங்குவேன். அதற்கு அப்பால் எனக்குக் கடல் இல்லை. பிறகு படிக்க அனுப்பினார்கள். ஊரில் எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

இந்த மோசடி அம்பலமானது மச்சானால். மனைவியின் தம்பிக்குக் கிரேக்க நாட்டில் ஒரு ஹோட்டலில் வேலை. திரௌபதையம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு வந்தவன் நேர்த்திக்குத் தீயும் மிதித்தான். (நான் மிதித்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் எனக்கு அந்த நேரம் பார்த்துத்தான் காலில் ஏதாவது வரும்.) மறுநாள் மாலை போனை எடுத்துப் படம் காட்டத் தொடங்கினான். ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறையிலிருந்து காலையில் கப்பல் புறப்படுகிறது. ஒரே நாளில் மூன்று தீவுகள்: ஏஜினா, போரோஸ், ஹைட்ரா. ஏஜினாவில் பிஸ்தா விளைகிறது. ஹைட்ராவில் கார் ஓட்ட அனுமதி கிடையாது, பெட்டி படுக்கை எல்லாம் கோவேறு கழுதையில் போகிறது. மதியச் சாப்பாடு கப்பலில், பாட்டும் கூத்தும் கப்பலில், இருட்டுவதற்குள் வீடு.

"ஆகஸ்டுல அங்க வடக்கால 'மெல்டெமி' எண்டு ஒரு காத்து அடிக்கும் அத்தான். ஆனா இந்தத் தீவுகள் சரோனிக் குடாவுக்குள்ள மறைவா இருக்கு. அதனால கப்பல் ஓடும்" என்றான்.

அவன் காற்றைப் பற்றிப் பேசியதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. பிள்ளைகள் வேறு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மூண்டு தீவுக்கா இவ்வளவு ஆரவாரம்? நம்ம கற்பிட்டியில 14 தீவு இருக்கு. போற வழியில டொல்பினும் பாக்கலாம். கழுதையும் இருக்கு" என்றேன். கழுதை விஷயத்தில் மட்டும் நான் சொன்னது முழு உண்மை. கற்பிட்டித் தெருக்களில் அவை யாருக்கும் சுமை தூக்காமல் சுற்றித் திரிகின்றன.

பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைத் தாண்டி, தலவில புனித அன்னம்மாள் கோயில் கூட்டத்துக்குள் நுழைந்து வெளியேறிக் கற்பிட்டி போய்ச் சேர்ந்தோம். படகுக்கார நானாவிடம் முதலில் ஊர்ப்பெயரைச் சொன்னேன், விலை இறங்கும் என்று. அடுத்து டொல்பின் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடப்பா? ஆடி மாசம் டொல்பின் பாக்க வந்த உடப்பாரை இப்பத்தான் காணுறேன்."

டொல்பின் காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரையில்தான். அப்போது கடல் கண்ணாடியாகக் கிடக்கும். கரைக்கு வெகு தூரம் இல்லாமலே கடல் ஆழமாகிவிடுவதால் சுழன்று துள்ளும் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் வரும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக் காற்று. வெளிக்கடலுக்கு உல்லாசப் படகு எதுவும் போகாது. எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. மெல்டெமி பற்றி இரண்டாம் முறை பேசாமல் இருந்தான் பாருங்கள், அதுதான் வலித்தது.

அந்தக் காற்றைத் தேடியே ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள் என்பது இன்னொரு அவமானம். பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் நின்று நீரில் வழுக்கிப் போகும் விளையாட்டுக்குக் கற்பிட்டியில் இதுதான் உச்சப் பருவம். கப்பலடிக் களப்பில் அன்று வானம் நிறையப் பட்டம். அத்தனை வெள்ளைக்காரருக்கும் தெரிந்த காற்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எனக்கு ஆறுதலாக வரலாற்றில் ஒருவர் இருக்கிறார். மத்தியதரைக் கடலின் வாசலான தான்ஜியரில் பிறந்த இப்னு பதூதா, மாலைதீவிலிருந்து மஃபருக்கு, அதாவது நமது பாண்டிக் கரைக்குப் போகப் புறப்பட்டு, காற்று திசைமாற்றித் தள்ள 1344இல் புத்தளத்தில் வந்து சேர்ந்தார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பல்லக்கும் ஆளும் கொடுத்துச் சிவனொளிபாத மலைக்கு அனுப்பிவைத்தார். காற்றைத் தவறவிட்டவனுக்கு இந்தக் கரையில் மரியாதை கிடைத்த காலமும் இருந்திருக்கிறது.

நானாவும் மோசமில்லை. "வெளிக்கடல் வேணாம். களப்புக்குள்ள சுத்திக் காட்டுறேன்" என்றார். 1660களில் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டையில் இப்போது கடற்படை இருக்கிறது. களப்பின் வாயைப் பிடித்துக்கொண்டால் புத்தளம் வழியாகக் கண்டி அரசன் செய்யும் வியாபாரத்தின் குரல்வளையைப் பிடித்த மாதிரி என்று ஒல்லாந்தர் கணக்குப் போட்ட இடம் அது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது என் மதிப்பு கொஞ்சம் ஏறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தூரத்தில் தெரிந்த கண்டல் காட்டைக் காட்டி, "அதுதான் இப்பந்தீவு" என்றேன்.

"அது தீவில்ல" என்றார் நானா, என்ஜின் சத்தத்துக்கு மேலால். "நாம ஏறி வந்த கரை."

சிறிது நேரத்தில் வயிறு புரளத் தொடங்கியது. இங்கே ஒரு விவரம் சொல்லியாக வேண்டும். புத்தளம் களப்பின் பெரும்பகுதி ஆளின் உயரத்தைத் தாண்டாத ஆழம். நான் படகின் விளிம்பில் தொங்கிக்கொண்டு சத்தி எடுத்தபோது அடியில் கிடந்த கடற்புல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு சிறு நண்டு ஒதுங்கிப் போனதும் தெரிந்தது. நின்றால் கால் எட்டும் தண்ணீரில் கடல் மயக்கம் கண்ட முதல் உடப்பான் நானாகத்தான் இருப்பேன். பெரியவள் தேசிக்காயை என் மூக்கில் பிடித்தாள். சின்னவன் மாமாவின் போனை வாங்கி வீடியோ எடுத்தான்.

"கவனத்தைத் திருப்பினா சரியாப் போகும். இந்தாங்க, நீங்க பிடிங்க" என்று நானா என்ஜின் கைப்பிடியை என்னிடம் தந்தார். மரியாதைக்குச் செய்தார். ஊர்ப்பெயர் சொன்னவனல்லவா? கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும் என்பது அந்தக் கணம்வரை யாரும் எனக்குச் சொல்லாத இரகசியம். படகு வட்டம் போட்டது. சரிசெய்யப் பார்த்தேன், வட்டம் இன்னும் சிறியதாகியது. கடைசியில் சேற்றுத் திட்டில் ஏறி நின்றது. நானா இறங்கித் தள்ளினார். நானும் தன்மானத்தோடு இறங்கினேன். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தீவு என்று நாங்கள் கால் வைத்தது ஒன்றில்தான். 'மீன் வாங்கிச் சுட்டுச் சாப்பிடலாம், சோறு கட்ட வேண்டாம்' என்று வீட்டில் நான்தான் சொல்லியிருந்தேன். வாடிக்குப் போனால் காலையில் வந்த மீன் அப்போதே கரைக்குப் போயிருந்தது. ஐஸ் போட்ட மீன் மத்தியானம்வரை யாருக்காகக் காத்திருக்கும்? அங்கிருந்த அக்கா பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, இருந்த சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் எங்களுக்குப் பகிர்ந்து வைத்தார். காசு கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மச்சான் தட்டை வழித்துவிட்டு, அந்தக் கிரேக்கக் கப்பல் சாப்பாட்டில் உப்பே இல்லை என்றான். அன்று என் பக்கம் விழுந்த ஒரே வாக்கு அது.

"எந்த ஊர்?" என்று கேட்டார் அக்கா.

"கொழும்பு" என்றேன்.

"உடப்பு!" என்று கத்தினான் சின்னவன்.

அக்காவின் முகம் மலர்ந்தது. வெளியே வந்து மேற்கே கையை நீட்டினார். "அப்ப நல்லதாப் போச்சு. கருவாடு விரிக்கலாமா எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறன். இந்தக் காத்துப் பின்னேரம் இறங்குமா, சொல்லுங்க."

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு காற்றின் பெயரும் எனக்குத் தெரியும். எது எந்தப் பக்கம் என்பதில்தான் சந்தேகம். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடற்காற்றும் பருவக் காற்றோடு சேர்ந்து பின்னேரம் பலக்கும் என்பதை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது செய்தது இதுதான்: ஒற்றைச் செருப்போடு மணலில் நின்று, மண்டாடி நிற்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தேன். கொஞ்சம் தாமதித்தேன். அந்தத் தாமதம் நன்றாக அமைந்தது.

"இறங்கும்" என்றேன்.

திரும்பி வரும்போது படகில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் அந்தக் காற்றில் கேட்டிருக்காது.