குட்டி யானையின் கூடுதல் விளக்கு: அம்பத்தூர் – ஆவடி – பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கூடுதல் விளக்கு என்பது, கம்பெனி வைத்துக் கொடுத்த ஹெட்லைட் போதாது என்று உரிமையாளருக்குத் தோன்றும் நாளில் சரக்கு வண்டியின் பம்பரிலோ நெற்றியிலோ முளைப்பது. சென்னையின் மேற்குப் புறநகரில் இது அதிகம் காணப்படும் இனம், 2005-இல் வந்த டாடா ஏஸ் என்னும் குட்டி யானை. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்திலும், பாரம் கூடும்போது மகிந்திரா பிக்கப்பிலும் இதைக் காணலாம். இவ்வினங்கள் பிறக்கும்போது முகத்தில் இருப்பவை இரண்டே ஹெட்லைட்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் நின்று எண்ணினால் நான்கு, ஆறு என்று வரும். நெற்றியில் எல்.இ.டி. பார் வைத்த வண்டி எதிரே வந்தால் எண்ணிக்கையைக் கைவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதே ஆய்வாளருக்கு நல்லது.

ஆய்வுக்களம் இதைவிடப் பொருத்தமாக அமையாது. 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் பாடியில் இருந்தபடி நாட்டின் வண்டிகளுக்கு ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்து தருகிறது. ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. படை வண்டிகளுக்கு, இரவில் எதிரி கண்ணில் படாதிருக்க, மூடி போட்ட மங்கல் விளக்கு வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சி.டி.எச். என்னும் சென்னை–திருவள்ளூர் சாலை வழியாகக் கோயம்பேட்டுக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அப்படி ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அதை அவ்வண்டி பட்டாபிராமில் வரும்போதே திருமுல்லைவாயிலுக்குத் தெரிவித்துவிடுகிறது.

இவ்விளக்கு எதற்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாதையைப் பார்க்க என்பது முதல் கருதுகோள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் இது செல்லும். தெருவிளக்கும் கடைவிளக்குமாகப் பகல்போல் கிடக்கும் டன்லப், குமணன்சாவடி நிறுத்தங்களில் செல்லாது. பனிக்காக என்பது இரண்டாவது. மார்கழி விடியலில் செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய பெங்களூரு நெடுஞ்சாலையிலும், போகியன்று ஊரே டயரும் பாயும் கொளுத்தும் வேளையிலும் இதை ஏற்கலாம். மற்ற நாட்களுக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஓட்டுநரின் இடது கை சுவிட்சுக்கு எப்போது போகிறது என்று கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். எதிரே வருபவர் டிம் அடிக்காதபோதுதான் போகிறது. ஆகவே கூடுதல் விளக்கு பார்ப்பதற்கான கருவி அன்று. பதில் சொல்வதற்கான கருவி. பிரிட்டனில் ஒருமுறை விளக்கைச் சிமிட்டினால் ‘நீங்கள் போங்கள்’ என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். பூந்தமல்லியில் அதே சிமிட்டலுக்கு ‘நான் வந்துட்டேன், நில்லு’ என்று பொருள். இருபுறமும் பதில் வைத்திருப்பதால் விளக்குகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகின்றன.

இனி மின்னியல். வண்டியின் பேட்டரி 12 வோல்ட். 55 வாட் ஹாலோஜன் விளக்கு ஒன்று ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். ஜோடிக்கு 9 ஆம்பியருக்குச் சற்று மேல். இவ்வளவு கரண்ட்டை டேஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாகவே கொண்டுபோவதா, சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலே வைப்பதா என்பதே இத்துறையின் தலையாய விவாதம். வயரிங் கடை வாசலில் அது பெரும்பாலும் இப்படி நடைபெறும்:

“ரிலே வெச்சிடலாம்ணே.”

“அது இல்லாம எரியாதா?”

“எரியும்.”

இந்த விடையில் பொய் ஒன்றும் இல்லை. எரியும், மங்கலாக எரியும். மெல்லிய வயரிலும் சுவிட்சின் முனைகளிலும் வோல்டேஜ் கசிந்துபோகிறது. ஹாலோஜன் இழைக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். எனவே ரிலேயை மிச்சம் பிடித்தவர் இரண்டு விளக்கு வாங்கி ஒன்றரை விளக்கை எரிக்கிறார். சுவிட்ச் சூடேறி பிளாஸ்டிக் வாடை வருவது தனி.

ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். ஜெர்மன் தரக்குறியீட்டில் பிறந்த இவ்வெண்கள் மண்ணூர்பேட்டையில் பெருக்கல் வாய்ப்பாட்டைவிடச் சரளமாக ஒப்பிக்கப்படுகின்றன. 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர். 87-இலிருந்து விளக்குக்கு. 85, 86 இரண்டில் ஒன்று எர்த், மற்றது சுவிட்ச். சுவிட்ச் வழியாக இப்போது போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று உண்டு. தவறுதலாக விளக்கை அதில் சொருகிவிட்டால் சுவிட்சை அணைத்தபோது விளக்கு எரியும், போட்டபோது அணையும். மறுநாள் காலை வண்டியை நான்கு பேர் தள்ளிக்கொண்டு போவதைத் தெரு பார்க்கும்.

ஃபியூஸ் 15 ஆம்பியர் போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது காப்பது விளக்கை அல்ல, வயரை. எரிந்துபோன ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றிச் சொருகும் மரபும் வட்டாரத்தில் உண்டு. அதற்குப் பின் அவ்வண்டியில் ஃபியூஸாக வேலை செய்வது வயரிங் முழுவதும்தான்.

எர்த் பற்றி நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கோளாறுகளோ பெரும்பாலும் அங்கேதான். சேஸிஸில் போல்ட் முடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். கையோடு இருக்கும் உடைந்த ஹாக்ஸா பிளேடால் நான்கு இழுப்பு. வயர் முனையைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, வாஷருக்கு அடியில் ஒரு சுற்று. முனையில் லக் என்னும் உலோக வளையம் வைத்து இறுக்கினால் பல மழை தாங்கும். வைக்காவிட்டால் ஐப்பசியில் துரு ஏறி, கார்த்திகையில் இடது விளக்கு அழ ஆரம்பிக்கும். குற்றம் பல்பின்மேல் விழும், பல்பு மாற்றப்படும், அழுகை தொடரும்.

எல்.இ.டி. பாருக்கு வோல்டேஜ் கசியும் தொல்லை குறைவு. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் அதன் வெளிச்சம் குறையாது. ஆனால் அட்டைப் பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை எந்த ஆம்பியர் மீட்டரும் ஒப்புக்கொள்வதில்லை.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இப்பொருளில் ஒரு மனிதரைப் படைத்திருக்கின்றன. விதி 106-இன்படி அவர் விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண்களை வைத்துக்கொண்டு இருப்பார். அவர் கண் கூசக் கூடாது. அவ்வளவுதான் இவ்விதி கேட்பது. அளந்து பார்த்தால் அவர் ஸ்கூட்டரில் எதிரே வருபவர் என்று புலப்படும். கேபின் உச்சியில் வைத்த விளக்கு அவர் கண்ணுக்கு மேலேயே இருப்பதால், நன்றாகக் குனிந்து சாலையைப் பார்த்தால் ஒழிய அவரை விடாது. சாலையைப் பார்க்கும் விளக்கால் எதிரிக்குப் பதில் சொல்ல முடியாது என்பதால் அது குனிவதில்லை. விதி 111 ஸ்பாட் லைட்டையே தடுக்கிறது. விசேஷக் காரணம் இருந்தால் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி பெறலாம். எதிரே வந்தவர் டிம் அடிக்கவில்லை என்பதை விசேஷக் காரணமாக எழுதிக் கேட்கலாம்; கிடைக்காது.

சட்டமும் விளக்கும் நேருக்கு நேர் சந்திப்பது எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் நாளில். புது சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் 2 ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் இது உண்டு. அதற்கு முந்தைய வாரம் மரங்கள் இலை உதிர்ப்பதுபோல் வண்டிகள் விளக்கு உதிர்க்கின்றன. சான்றிதழ் கைக்கு வந்த வாரம் மீண்டும் துளிர்க்கின்றன. கழற்றப்படுவது விளக்கு மட்டுமே. முனையில் கறுப்பு டேப் சுற்றிய வயர்கள் பம்பருக்குப் பின்னாலேயே தொங்கும். வண்டி கைமாறும்போது அவையும் சேர்ந்து கைமாறும். எந்த வயர் எங்கே போகிறது என்று தேடுவதைவிடப் புதிதாக இழுப்பது சுலபம் என்பதால் அடுத்த எலக்ட்ரீஷியன் பழையதைத் தொடுவதில்லை. மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கும் குட்டி யானையின் பம்பருக்குப் பின்னால் மூன்று தலைமுறை வயரிங்கைக் காணலாம். அதில் எரிவது ஒன்றுதான், எது என்று யாருக்கும் தெரியாது.