விரல் பெட்டியின் பெருந்தன்மை

கெடார் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பொழுதே போகவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குறையை அரசாங்கங்கள் எப்போதோ தீர்த்துவிட்டன. முதியோர் பணத்துக்கு ஒரு நாள், ரேஷனுக்கு ஒரு நாள், சர்வர் வராததால் அதே ரேஷனுக்கு மறுநாள், ஆதாரைப் புதுப்பிக்க விழுப்புரத்துக்கு ஒரு நாள். டாக்டர்கள் தினமும் நடங்கள் என்று சொல்வதோடு சரி. நடக்க வைப்பது யார்?

இந்தப் புண்ணியத்தில் பெரும்பங்கு விரல் ரேகைப் பெட்டிக்குத்தான். உள்ளங்கை அகலத்தில், கண்ணாடிக்கு அடியில் வெளிச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் மகா நியாயஸ்தன். காலமெல்லாம் மல்லாட்டை ஆய்ந்து, களை பறித்து, கரும்புச் சோகை உரித்த விரல் வந்தால் ‘நீ யாரோ’ என்று திருப்பி அனுப்பும். திண்ணையில் சீட்டாடியே வளர்ந்த விரலை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். யார் உழைத்தவர், யார் உழைக்காதவர் என்று இத்தனை துல்லியமாக எடைபோடும் மனுஷனை இந்த வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை.

அதன் பொறுமையையும் சொல்ல வேண்டும். “ஆயா, முந்தானையில தொடச்சிட்டு வை” என்றான் முதியோர் பணம் கொடுக்கப் பெட்டியோடு வந்த பையன். கிழவி துடைத்து வைத்தாள். “அழுத்தாத, லேசா வை.” வைத்தாள். “இப்ப கொஞ்சம் அழுத்து.” அழுத்தினாள். கட்டைவிரல், ஆள்காட்டி என்று இரண்டு கையும் தீர்ந்தது. “ரேகை தேஞ்சிபோச்சி ஆயா.”

“தேயாம என்னாடா பண்ணும்? உங்கப்பன் கழனியிலதான் தேஞ்சிது.”

பெட்டிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. சிபாரிசுக்கு மசியாத குணம் அதுதான். இப்போது கருவிழியைக் காட்டும் வசதியும் வந்திருக்கிறது. புரை விழுந்த கண்ணைப் பற்றி அதன் அபிப்பிராயத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

இத்தனை நடையும் வெறுங்கையோடு திரும்புவதற்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1962-ல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023 ஆகஸ்டில் அது 1,200 ஆனது. இந்திரா காந்தி பெயரில் நடக்கும் திட்டத்தில் வருகிறவர்களுக்கு, 80 வயது ஆகும்வரை, டெல்லியின் பங்கு 200 ரூபாய். 2007-ல் திட்டத்துக்கு அந்தப் பெயர் வைத்தபோதும் அதே 200தான். அரிசி ஏறினாலும் பருப்பு ஏறினாலும் அலைபாயாத உள்ளம். 80 ஆகிவிட்டால் 500. ஒருவரை நெடுநாள் வாழ ஆசைப்பட வைக்க இதைவிட நாசூக்கான வழி உண்டா?

போக்குவரத்திலும் அதே கரிசனம். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. ஆயாவுக்கு இலவசம், பக்கத்தில் உட்கார்ந்த தாத்தாவின் தன்மானத்தைக் காப்பாற்ற அவரிடம் மட்டும் காசு வாங்கிக்கொள்கிறார்கள். ரயில்வே இன்னும் பண்பானது. முன்பு 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் என்று கட்டணத்தைக் குறைத்து, வயசானதைச் சீட்டிலேயே சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். கொரோனாவைச் சாக்கிட்டு 2020 மார்ச்சில் அந்த அவமானத்தை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது. சலுகையைத் திரும்பக் கொண்டுவந்து பெரியவர்கள் மனசைப் புண்படுத்த இன்னும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

இப்படி எல்லாம் செம்மையாக நடந்துகொண்டிருக்கையில் 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. தள்ளாதவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே வருமாம். அடடா, கிழங்கட்டைகளின் நடைப்பயிற்சி போயிற்றே என்று பதறிப்போனேன். வண்டியில் தராசுக்குப் பக்கத்தில் நம் விரல் பெட்டியும் ஏறி வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.