காற்று பார்க்கும் வாரம்

பாஸ்டன் மாரத்தானுக்கு முந்தைய வாரம் கால்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய வாரம். அமெச்சூர் ஓட்டக்காரரும் ஓட்டத்தை ஒழுங்காகக் குறைத்துவிடுகிறார். கட்டைவிரல்தான் ஓய்வில்லாமல் வானிலைச் செயலியைத் தேய்க்கிறது. எதிர்க்காற்று என்று அது சொன்னால் இலக்கில் ஐந்து நிமிடம் கூடும். கூடவே முழங்காலில் இல்லாத வலியும் வரும். பாஸ்தா சாப்பிடுவதை மட்டும் எந்தக் காற்றும் தடுப்பதில்லை.

காற்றையும் சும்மா சொல்லக்கூடாது. ஹாப்கின்டனிலிருந்து பாஸ்டன்வரை பெரும்பாலும் ஒரே திசையில் போகும் பாதை அது. 2011இல் காற்று முதுகில் தள்ள, ஜெஃப்ரி முட்டாய் 2:03:02இல் ஓடி முடித்தார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. ஆனாலும் பாதையின் அமைப்பு விதிக்குள் வராததால், உலக சாதனை என்று ஏற்கவில்லை.

2018இல் அதே காற்று மழையோடு முகத்தில் அறைந்தது. பேர்பெற்ற வீரர்கள் பலர் பாதியில் ஒதுங்கினார்கள். வென்றவர் யுகி கவாவுச்சி, ஜப்பானில் முழுநேர அரசு வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். “அவரும் ஆபீஸ் போகிறவர்தானே!” என்று நம் அமெச்சூர் அவரைத் தன் ஜாதியில் சேர்த்துக்கொண்டார். அந்த மனிதர் ஆண்டுக்குப் பத்து மாரத்தான் போல ஓடுகிறவர் என்ற விவரம் மட்டும் ஏனோ செயலியில் வருவதில்லை.